காணாத இடத்து உயிர்க்கேடு

தண்ணீரை வடிகட்டி அருந்துவதும், துணியில் தங்கிய சிற்றுயிர்களை எடுத்த நீரிலேயே மீண்டும் சேர்ப்பதும் நம் முன்னோர் போற்றிய ஒழுக்கம். அருகிலுள்ள உயிரை அவ்வாறு காத்தோம். கண்ணுக்கு எட்டாத தொலைவில் நம்மால் மடியும் உயிருக்கும் நாம் பொறுப்பாவோமா?

காரைக்குடியில் 1952இல் தோன்றிய அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் சிவில் பொறியியல் மாணவர் பயிலும் கணக்கொன்று இதற்கு விடை தருகிறது. அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் என்னும் இருவர் 1925இல் வகுத்தது அது. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைக்கின்றன. காற்று அதனை மெல்ல ஈடுசெய்கிறது. இவ்விரு வேகங்களையும் கணக்கிட்டால், ஆக்சிஜன் மிகக் குறையும் இடம் பெரும்பாலும் கழிவு கலக்குமிடமன்று, ஆற்றோட்டத்தில் அதற்கும் கீழே என்பது புலனாகும். மீன்வளத்துக்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் ஆக்சிஜன் வேண்டும் என்பது நம் நாட்டின் அளவுகோல்.

மதுரையின் கழிவுநீர் கலந்த வைகை, சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனம், மானாமதுரை வழியே செல்கிறது. கழிவை விடுபவர் ஓரூரார்; அதன் கேட்டை ஏற்கும் நீர்வாழ் உயிர்கள் வேறூரில். ஓட்டமில்லாத செட்டிநாட்டு ஊருணியிலோ, காற்று ஈடுசெய்யும் வேகம் இன்னும் குறைவு.

விழிப்பின்மையால் நேரும் உயிர்க்கேடும் இம்சையே என்பது ஜின அறம். இக்கணக்கை அறிந்தபின், 'யாம் காணவில்லை' எனல் பொருந்தாது. ஆதலின் ஆசிரியர் சூத்திரத்தோடு நில்லாது, "அவ்விடத்தே வாழும் உயிர்கள் எவை?" என்றும் மாணவரை வினவுதல் வேண்டும். கழிவை ஓடைக்கு விடுமுன் இல்லறத்தார் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியதும் அதுவே.