யாருக்கு மரியாதை?

நம்முடைய கிராமங்களில் ஒரு வழக்கம் உண்டு. நாற்பது வயதுக் குடும்பஸ்தன் ஒருவன் வேப்பமரத்தடியில் நின்று பீடி பிடித்துக்கொண்டிருப்பான். தெருக்கோடியில் அவனுடைய தகப்பனாரோ மாமனாரோ தலைகாட்டினால் போதும். பீடி முதுகுக்குப் பின்னால் போய்விடும். இழுத்த புகையை வெளியே விட வழியில்லாமல் அவன் கண் கலங்க நிற்பான். வருகிற பெரியவரின் மடியிலும் ஒரு பீடிக்கட்டு இருக்கக்கூடும். அது அவனுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் இருவரும் அந்த நாடகத்தைக் குறைவில்லாமல் நடித்து முடிப்பார்கள்.

இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்காகத் தன் இன்பத்தை ஒரு நிமிஷம் நிறுத்திக்கொள்கிறான் என்றால் அது அழகான காரியந்தான். ஆனால், நேயர்களே, அதே மனிதன் வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும். மழைக்கால இரவு, சாத்திய கதவு, விட்டத்தில் தூளி, தூளியில் ஆறு மாதக் குழந்தை. அங்கே அவன் தயக்கமில்லாமல் பற்ற வைக்கிறான். திறந்த வெளியில் அந்தப் புகையால் ஒன்றும் இழக்கப் போகாத பெரியவருக்கு மரியாதை. சாத்திய அறையில் அதைச் சுவாசித்தே தீரவேண்டிய குழந்தைக்கு மரியாதை இல்லை. ஏன்? குழந்தைக்கு வயது இல்லை, அந்தஸ்து இல்லை, அதட்டிக் கேட்க வாயும் இல்லை.

நம் மரியாதை மேல் நோக்கிப் பார்க்கவே பழகியிருக்கிறது. பக்கத்திலும் கீழேயும் பார்க்க அது இன்னும் பழகவில்லை.

அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூர், காத்திருக்கிறவர்களின் ஊர். திருச்சியிலிருந்து சிதம்பரம் போகிற சாலையும், அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சை போகிற சாலையும் அங்கே சந்திக்கின்றன. சோழர்களுக்கு உட்பட்டுப் பழுவேட்டரையர்கள் ஆண்ட சீமை அது. ஞானசம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் அங்கே இருக்கிறது. இன்று அந்தச் சாலைகளில், சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் புழுதி பறக்க ஓடுகின்றன. போன கோடையில் அங்கே பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு காட்சியைக் கண்டேன்.

நிழற்குடைக்குள் கைக்குழந்தையுடன் ஒரு பெண். அவளுக்குப் பக்கத்தில் கல்லூரி மாணவனைப் போன்ற ஓர் இளைஞன். பேனா மாதிரி ஒரு கருவியை உறிஞ்சி, வெள்ளை வெளேரென்று ஒரு மேகத்தை விட்டுக்கொண்டிருந்தான். மின்சிகரெட் என்று பத்திரிகைகளில் எழுதுகிறார்களே, அதுதான். வெளியே கொளுத்துகிற வெயிலில் ஒரு கிழவர் தனியாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடினாள், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர் கிழவர்தாம்.

"தம்பி, கைக்குழந்தை இருக்குதுல்ல. கொஞ்சம் வெளியில வந்து இழுப்பா."

"இது புகை இல்லீங்க தாத்தா. வெறும் ஆவி. நாத்தம்கூட இல்லை பாருங்க, மாம்பழ வாசனைதான்" என்றான் பையன், பணிவாகவே.

"நாத்தமா இருந்தா வெலகிப் போயிடலாம் தம்பி. வாசனையா வந்தா எப்படி வெலகுறது?" என்றார் அவர்.

சற்று நேரத்தில் எதிர்ச்சாரியிலிருந்து உபாத்தியாயர் போன்ற ஒருவர் சாலையைக் கடந்து வந்தார். பையனின் கை சட்டைப் பைக்குள் போயிற்று, கருவி மறைந்தது. யாரும் அவனைக் கேட்டுக்கொள்ளவில்லை. சாம்பல் இல்லை, நெருப்பு இல்லை, விரலில் கறையும் இல்லை. முதுகுக்குப் பின்னால் பீடியை மறைத்த பழைய மரியாதைக்கு இதைவிட வசதியான கருவி கிடைக்கப் போவதில்லை.

அந்தப் பையன் கெட்டவன் அல்ல. அவன் சொன்ன நியாயத்தையும் நாம் எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். 2003ஆம் ஆண்டில் ஹோன் லிக் என்ற சீன மருந்தாளுநர் உருவாக்கிய கருவியிலிருந்து பெருகிய குலம் இது. புகையிலையை இது எரிப்பதில்லை. நிகோடின் கலந்த திரவத்தை மின்கலத்தின் சூட்டில் நுண்துளிகளாக்கித் தருகிறது. ஆகையால் சிகரெட் புகையில் உள்ள நச்சுகள் பலவும் இதில் குறைவு என்பது உண்மை. ஆனால் பையன் சொன்னதுபோல் அது வெறும் நீராவி அல்ல. இழுத்தவன் வெளியே விடும் மேகத்தில் நிகோடினும் மிக நுண்ணிய துகள்களும் இருக்கின்றன. குறைந்த கெடுதல் வேறு; கெடுதலே இல்லை என்பது வேறு.

"லாரிப் புழுதியைத் தின்றுகொண்டிருக்கிற ஊரில் இந்தத் துளி ஆவியா பெரிது?" என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. புழுதியையும் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஊரே சேர்ந்து போராடினால்தான் அந்தப் புழுதி அடங்கும்; இந்த ஆவியோ ஒருவன் மனம் வைத்தால் அந்த நிமிஷமே நின்றுவிடும். எளிதில் நிறுத்தக்கூடியதை நிறுத்தாமல் இருக்கப் பெரிய குற்றத்தைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையாகாது.

அதோடு, "இதனால் உனக்கு ஒன்றும் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் ஊதுகிறவனா, சுவாசிக்கிறவளா? சிகரெட்டைப் பற்றியும் ஒரு காலத்தில் இப்படித்தான் சமாதானம் சொன்னார்கள். 1981ல் தக்கேஷி ஹிராயாமா என்ற ஜப்பானிய ஆராய்ச்சியாளர், தாங்கள் புகைபிடிக்காத 91,540 மனைவியரைப் 14 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துக் கண்ட முடிவை வெளியிட்டார். கணவன்மார் மிகுதியாகப் புகைத்த வீடுகளில், மனைவியர் நுரையீரல் புற்றுநோயால் இறப்பது அதிகமாக இருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் பேசாமல் இருந்தவர்கள்தாம். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டதன் கணக்கு அது.

சட்டம் இந்த உண்மையை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டது. 1999ல் கேரள உயர்நீதிமன்றம் பொது இடத்தில் புகைப்பது சட்ட விரோதம் என்றது. 2001ல் முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், புகைக்காதவனின் உயிர் வாழும் உரிமையை முன்வைத்து நாடு முழுவதற்கும் தடை சொன்னது. 2003ல் சட்டம் வந்தது. 2008 காந்தி ஜயந்தியன்று கண்டிப்பான விதிகள் அமலாயின. மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். மின்சிகரெட்டை 2019ல் அடியோடு தடை செய்தார்கள். செய்வது, விற்பது, இறக்குமதி செய்வது, இருப்பு வைப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். ஆனால் அந்தச் சட்டத்தின் பட்டியலில் 'இழுப்பது' என்ற சொல் இல்லை. கள்ளத்தனமாகக் கருவி கைக்கு வந்துவிட்டால், நிழற்குடையில் இருக்கிற குழந்தைக்கு மிஞ்சுகிற காவல் பக்கத்தில் இருப்பவனின் பண்பு ஒன்றுதான்.

"தொந்தரவு என்றால் சொல்ல வேண்டியதுதானே?" என்பார்கள். யார் சொல்வது? ஓடுகிற பஸ்ஸில் தனியாகப் போகிற பெண்ணா? டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற ஆளா? சொன்னால், "அவ்வளவு கஷ்டமா இருந்தா கார்ல போகவேண்டியதுதானே" என்று பதில் வருகிற உலகம் இது. கேட்கிற தைரியம் உள்ளவனுக்கு மட்டும் கிடைக்கிற மரியாதை, மரியாதை அல்ல; அது பயத்தின் இன்னொரு பெயர்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்துகிறது. பீடிக்காரர் வெயிலில் நின்றார். விலை உயர்ந்த கருவிக்காரன் நிழலில் உட்கார்ந்திருந்தான். அழுக்கு வேட்டியை "அந்தப் பக்கம் போ" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இஸ்திரி போட்ட சட்டையிடம் நமக்கு நா எழுவதில்லை. புகைக்கிற பழக்கத்தில் சிக்கியவர்களும் மனிதர்கள்தாம். அவர்களை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. விலகி நிற்கச் சொல்வதாக இருந்தால் எல்லோரையும் ஒரே குரலில் சொல்லவேண்டும்.

குழாய் வராத காலத்தில் நம் ஊர்களில் குடிதண்ணீர்க் குளம் என்று தனியாக ஒன்று இருந்தது. அதில் யாரும் காலை வைக்கமாட்டார்கள். "என் கால் சுத்தமான கால்; இதனால் யாருக்கு நோய் வந்தது, நிரூபி" என்று எவனும் வழக்காடவில்லை. அது எல்லோரும் குடிக்கிற தண்ணீர் என்ற ஒரு காரணம் போதுமானதாக இருந்தது. பஸ்ஸுக்குள்ளும் நிழற்குடைக்குள்ளும் இருக்கிற காற்று அப்படிப்பட்ட ஒரு குளம். தண்ணீரையாவது வேண்டாமென்று ஒதுக்கிவிட்டுத் தாகத்தோடு சிறிது நேரம் இருக்கலாம். மூச்சை ஒதுக்கிவைக்க யாராலும் முடியாது.

பெரியவரைக் கண்டதும் கையை மறைக்கிற வழக்கம் இருந்துவிட்டுப் போகட்டும். நம்மை ஒன்றும் செய்ய முடியாதவர்களின் முன்னால் அந்தக் கை என்ன செய்கிறது என்பதைப் பார்த்த பிறகே ஒருவனை மரியாதை தெரிந்தவன் என்று நான் சொல்வேன்.