குதிரைமயிர் அணியும் கொல்லாமை அறமும்

குதிரையின் வால்மயிரைப் பின்னி, இடையிடையே பாசிமணி கோத்துக் கூந்தலுக்கு அணி செய்வது அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் வழங்கிவரும் கைத்தொழில். மாடு மேய்ப்போர் கயிறும் கடிவாளமும் திரித்த அதே மயிர் இன்று தலைப்பட்டையாகவும் கொண்டை அணியாகவும் உருப்பெறுகிறது. மொன்டானா மாநிலத்து டீர் லாட்ஜ் நகரில் 1871இல் திறக்கப்பட்ட சிறையில், கைதிகள் இழை இழையாக முடிந்து இக்கலையைப் போற்றி வளர்த்தனர். அயல்நாடுகளில் வாழும் நம் பிள்ளைகள் வழியாக இத்தகைய அணி நம் இல்லத்திற்கும் வரக்கூடும். ‘உயிரைக் கொல்லாமல் எடுத்த மயிர்தானே?’ என்று பேத்தியர் வினவினால் நாம் என்ன விடை கூறுவோம்?

மயிர் மூவகையில் கிடைக்கிறது. சீவும்போது உதிர்வது ஒன்று. உயிருள்ள குதிரையிடம் கத்தரிப்பது மற்றொன்று. கொலைக்களத்தில் எடுப்பது மூன்றாவது.

உதிர்ந்த மயிரில் ஊறு இல்லை. நம் திகம்பர முனிவர் ஏந்தும் பிஞ்சியும் மயில் தானே உதிர்த்த பீலியால் ஆயதே. ஆயினும் பீலி சிற்றுயிரைக் காப்பதற்கு, அணியோ அழகுக்கு. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

கத்தரிப்பதைப் பற்றி ஆராய்வோம். கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்னும் ஐந்தையும் அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. மயிரை வெட்டுதலில் வலி இல்லை. ஆனால், வால் குதிரைக்கு ஈயோட்டும் கருவி. சில இழை எடுப்பது வேறு. விலை கருதி வாலையே மழிப்பது வேறு. பின்னது அவ்வுயிரின் காப்பைப் பறிப்பதாகும்.

மூன்றாவதே கொடியது. அமெரிக்காவில் குதிரை வெட்டும் கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. அதன் பின்னரும் குதிரைகள் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் வெட்டுக்காக அனுப்பப்பட்டன. ‘இறைச்சிக்காகவே கொன்றனர், மயிருக்காக அன்று’ என்பர் சிலர். மயிர் விலைபோவதும் கொல்வோனுக்கு வருவாயன்றோ? செய்தல், செய்வித்தல், உடன்படல் ஆகிய மூன்றும் வினையே என்பது நம் அறம்.

மணிகளிலும் இவ்வாராய்ச்சி வேண்டும். எலும்பு மணி கொலையின் எச்சமாக இருத்தல் கூடும். முத்து, சிப்பி என்னும் ஈரறிவுயிரை வருத்திப் பெறுவது. கண்ணாடி மணியும் மரமணியும் இருக்க இவை எதற்கு?

எனினும், இவ்வணி பூண்டாரை இகழ்தல் நமக்குத் தகாது. நாம் சூடும் மல்லிகையும் ஓரறிவுயிரின் உறுப்பே. இல்லறத்தார் இயங்குயிர்க் கொலையை அறவே விலக்க வேண்டும். நிலையுயிர்களிடத்தில் அளவு காக்க வேண்டும். அந்த அளவினை நாம் நாள்தோறும் காக்கின்றோமா?

ஆகவே நம் விடை இது. தான் வளர்த்த குதிரை முதுமையால் இறந்தபின், அதன் நினைவாக ஒருவர் மயிரணி செய்துகொண்டால் அதில் பற்று உண்டு, கொலை இல்லை. கடையில் வாங்குவதாயின், ‘இம்மயிர் எவ்வழி வந்தது?’ என்று வினவுதல் வேண்டும். விற்பவர் அறியாராயின் வாங்காது விடுதலே நன்று. அழகு ஒன்றே பயனாக உள்ள பொருளுக்காக ஐயத்தைச் சுமப்பானேன்? இம்சைக்கு வேர் பிரமாதம் என்னும் விழிப்பின்மை. வினவும் பழக்கத்தை நம் மக்களுக்கு இளமையிலேயே ஊட்டுவோமாக.