மார்ச் 31-உம் ஐப்பசி மழையும்

மேற்கு மலையில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் ராஜபாளையத்தை ஒட்டிய அய்யனார் கோயில் ஆற்றில் வெள்ளம் இறங்கும். வரத்துக்கால் வழியே அது முதல் கண்மாயில் ஏறும். கண்மாய் பெருகியதும் கலுங்கு தாண்டி, மறுகால் ஓடையில் விழுந்து, கீழேயுள்ள கண்மாய்க்குப் போகும். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கமும் இதே ஏற்பாடுதான். பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்குக் கீழே கண்மாய்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எல்லாம் நிறைந்து மிஞ்சியது வைப்பாற்றோடு சேர்ந்து சாத்தூர், விளாத்திகுளம் தாண்டி மன்னார் வளைகுடாவை அடையும். ஆண்டு முழுவதும் சேர்த்து 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை பெய்கிற மாவட்டம் விருதுநகர். அதில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதத்தில் பிடித்ததுதான் ஆண்டுச் சோறு.

இந்தக் கண்மாய்களைச் சீரமைக்கும் பணத்துக்கோ வேறொரு நாள்காட்டி இருக்கிறது. அது ஏப்ரல் 1-இல் பிறந்து மார்ச் 31-இல் முடியும். 1867 முதல் அப்படித்தான். பட்ஜெட்டில் அறிவிப்பு வரும். பிறகு மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், அரசாணை, டெண்டர், பணி உத்தரவு. இவையெல்லாம் கைகூடுவதற்குள் ஆடியும் ஆவணியும் ஓடிவிட்டால், மண்வெட்டும் இயந்திரம் உள்வாயில் இறங்கும்போது வானம் கறுத்திருக்கும். மழை முடிந்து தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கணக்கு முடிக்கும் மாதம் வந்துவிடும். கிராமக் கணக்கில் இன்னும் உயிரோடிருக்கும் பசலி ஆண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. அறுவடையும் தீர்வையும் முடிந்த பிறகு புதுக் கணக்கு என்பது அதன் ஏற்பாடு. ஒரே வட்டாட்சியர் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகள் ஓடுகின்றன. அவற்றில் கண்மாய்ப் பணத்துக்கு வாய்த்தது மண்ணோடு ஒட்டாத ஆண்டு.

நிதியாண்டையே மாற்றிவிடலாம் என்ற யோசனையும் புதிதல்ல. எல்.கே. ஜா குழு 1985-இல் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான நிதியாண்டைப் பரிந்துரைத்தது. மைய அரசு ஏற்கவில்லை. அந்தக் குழு மனத்தில் வைத்திருந்தது தென்மேற்குப் பருவமழை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் விருதுநகர் மாவட்டத்துக்குத்தான் அது இன்னும் நன்றாகப் பொருந்தியிருக்கும் என்பது ஒரு வேடிக்கை.

அட்டவணையைப் பற்றிய இந்தச் சிக்கலை நிர்வாகக் கோளாறு என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது. ஆனால் பருவம் தப்பிச் செய்யும் வேலையின் நட்டம் யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் அது அறக் கேள்வியாகிறது. தண்ணீர் நிற்கும் கண்மாயில் வேலை செய்ய வேண்டுமானால் மடையைத் திறந்து வடிக்க வேண்டும். ஆயக்கட்டு விவசாயிக்கு ஒரு போகம் போகும். மீன் பாசி ஏலம் எடுத்தவருக்கு முதல் போகும். மழை பிந்திய ஆண்டில் கருவேல மரத்தில் தாமதமாகக் கூடு கட்டிய நாரையும் கூழைக்கடாவும் குஞ்சு பொரித்து முடித்திருக்காது. வேலையைத் தள்ளிப்போட்டால் பணம் காலாவதியாகும். தள்ளிப்போடாமல் அவசரமாக முடித்தால் இறுகாத கரை முதல் வெள்ளத்திலேயே அரித்துப் போகும். எந்த வழியிலும், நாளைக் குறித்தவருக்கு நட்டமில்லை.

இதற்கு மறுபக்க நியாயம் இருக்கிறது. அது லேசானதும் அல்ல. ஆண்டு முடிவில் செலவாகாத பணம் கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற விதி குமாஸ்தாக்கள் கண்டுபிடித்த தொல்லை அன்று. சட்டமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அரசு ஒரு ரூபாயும் எடுக்கக்கூடாது, அந்த ஒப்புதலும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற மக்களாட்சிக் காவலின் ஒரு பகுதி அது. காலக்கெடு இல்லாத பணம் எங்கே போகும் என்பதும் ஊரறிந்த கதை. ஆகவே கெடுவே வேண்டாம் என்று சொல்ல முடியாது. கெடுவை எதை வைத்துக் குறிப்பது என்பதில்தான் வழக்கு. 2022 ஏப்ரல் 24-இல் தொடங்கிய அமிர்த சரோவர் திட்டத்தில் மாவட்டத்துக்கு 75 நீர்நிலைகள், 2023 ஆகஸ்ட் 15-க்குள் என்று வைத்தார்கள். தனி நிதியும் ஒதுக்கவில்லை. வேலை உறுதித் திட்டம் உள்ளிட்ட வேறு திட்டங்களிலிருந்து திரட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. எழுபத்தைந்தாவது சுதந்திர ஆண்டுக்கு எழுபத்தைந்து. எண்ணும் தேதியும் விழாவிலிருந்து வந்தவை. எந்த மாவட்டத்து மழையும் அதில் கலந்துகொள்ளவில்லை.

பணத்தைப் பரப்புவதா, குவிப்பதா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள். பழைய ஊர்ப் பராமரிப்பு முறையான குடிமராமத்து 2017 மார்ச்சில் மறுபடி தொடங்கியபோது முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. சராசரியாகப் பணி ஒன்றுக்கு ஏழு லட்சத்துக்கும் கீழே. அதற்கு முந்தைய பருவமழை படுமோசமாகப் பொய்த்துக் கண்மாய்கள் காய்ந்து கிடந்ததால் காலம் என்னவோ வாய்த்தது. ஆயக்கட்டுதாரர் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்ற நிபந்தனையும் நல்ல எண்ணத்தில் வைத்ததே. இதற்கு நேரெதிர் உலக வங்கிக் கடனில் 2007-இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம்: 2,547 கோடி ரூபாய், 63 உபவடிநிலங்கள், பல ஆண்டுக் கெடு. வைப்பாற்றின் கிளையான அர்ச்சுனா நதி உபவடிநிலமும் அதில் இருந்தது. அங்கே கணக்கின் அலகு தனிக் கண்மாய் அல்ல, ஓடும் நீர். பல ஆண்டுக்குப் பணம் உறுதியாக இருந்தால் மழைக்காலத்தில் சும்மா இருக்க முடியும். அந்தச் சும்மா இருத்தலுக்கும் விலை உண்டு என்பதை அத்தகைய திட்டம்தான் ஏற்றுக்கொள்ள முடியும். ஆனால் கடன் தருபவரும் ஒருநாள் கணக்கை மூடிவிடுவார். 2015-இல் திட்டம் முடிந்த பிறகு மடைப் பலகை உளுத்துப்போனால் யார் மாற்றுவது என்பதற்கு அந்தப் பெருந்தொகை பதில் வைத்துவிட்டுப் போகவில்லை.

பரப்புவதில் ஒரு சமநீதித் தோற்றம் இருக்கிறது. எல்லா ஊருக்கும் கொஞ்சம். சங்கிலியின் இயல்பு அந்தத் தோற்றத்தைக் குலைத்துவிடுகிறது. மேல் கண்மாயை ஆழப்படுத்தினால் அது நிறைய அதிக நாளாகும். கீழ்க் கண்மாய்க்கு மறுகால் வருவது பிந்தும், வறட்சி ஆண்டில் வராமலே போகும். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். பெருமழைக் காலத்தில் இடைவெளிகள் திறந்திருக்க, வெள்ளம் தடையின்றிக் கீழே போகும். வெள்ள அபாயம் தீர்ந்த பிறகு கற்களுக்கிடையே பலகையும் வைக்கோலும் களிமண்ணும் அடைத்து இன்னும் கொஞ்சம் தேக்கிக்கொள்வார்கள். எப்போது அடைப்பது என்பதில்தான் மேலூருக்கும் கீழூருக்கும் காலங்காலமாகத் தகராறு. அந்தத் தகராறு இருந்ததாலேயே ஒரு வரம்பும் இருந்தது. இப்போது கலுங்கை இடித்துக் கான்கிரீட்டில் ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிட்டால், ஆண்டுதோறும் நடக்கும் அந்தப் பேரம் மேலூருக்குச் சாதகமாக ஒரேயடியாக முடிந்துபோகிறது. மதிப்பீட்டில் அது ஒரு வரி.

எனவே எந்தக் கண்மாயை முதலில் எடுப்பது என்பதைவிட எந்த வேலையை முதலில் எடுப்பது என்பதில் நீதி அதிகம் தங்கியிருக்கிறது. வரத்துக்காலையும் மறுகால் ஓடையையும் தூர்த்திருக்கும் மண், புதர், குப்பை, ஆக்கிரமிப்பு இவற்றை மலையடிவாரத்திலிருந்து கடைசிக் கண்மாய் வரை ஒரே கோடையில் எடுத்துவிட்டால், பலன் கடைமடைக்கும் போகும். ஆழப்படுத்தும் வேலையின் பலனோ அந்தந்த ஊரோடு நின்றுவிடும். ஓடை முதலில், கலுங்கு மட்டத்தை ஊரறிய உறுதிசெய்வது அடுத்து, தூர்வாருதல் கடைசியில் என்று வைத்தால் மேலூர்க்காரர் முணுமுணுப்பார். ஆனால் கீழூர்க்காரரிடமிருந்து எதையும் பறித்ததாகாது. நடைமுறையில் இது தலைகீழாகப் போவதற்குக் காரணம் இருக்கிறது. தூர்வாரினால் கனமீட்டர் கணக்கில் பில் போடலாம், படம் எடுக்கலாம். இரண்டு ஊருக்கு நடுவில் ஓடும் ஓடையைச் சுத்தம் செய்ததற்கு எந்த ஊரும் மாலை போடாது.

தோண்டுவதிலும் கேள்வி உண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் வயலுக்குத் தானாகப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், மீன் பிழைக்கும், பறவை வரும், பக்கத்துக் கிணறு ஊறும். அது வீண் அல்ல. ஆனால் பாசனத் திட்டத்தின் கணக்கில் அது வெறும் பயன்படாத் தேக்கம். கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை விவசாயிகள் வண்டி வண்டியாக அள்ளிப் புஞ்சையில் கொட்டுவதும் கோடையில்தான், நிலம் வெறுமையாகக் கிடக்கும்போது. அனுமதிச் சீட்டு ஆவணியில் கைக்கு வந்தால் அதே மண் கரையோரத்திலேயே குவிந்து, மழையில் கரைந்து, திரும்பவும் உள்வாய்க்கே போய்ச் சேரும்.

பாசனக் கணக்கு ஏன் இவ்வளவு ஆட்சி செய்கிறது? ஒரு சட்ட விசித்திரத்தைச் சொன்னால் விளங்கும். 2017-ஆம் ஆண்டின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கும் குடிநீருக்குமென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்கிவிட்டன. ஈரநிலங்களுக்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கைக்கு அப்படி ஒரு தயக்கம் இல்லை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 20 ராம்சர் தலங்கள் இருந்தன. வேடந்தாங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற வெட்டப்பட்ட கண்மாய்களும் அவற்றில் அடக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. மாநிலத்தின் ஈரநில இயக்கம் ஐந்தாண்டில் எடுத்துக்கொள்ள நினைத்தது 100 நீர்நிலைகளை. மற்ற ஆயிரக்கணக்கானவை ஏக்கர் கணக்கைக் காட்டித்தான் பணம் கேட்க வேண்டும். ராஜபாளையம்போல் நகர் பெருத்து, ஆயக்கட்டு வீட்டுமனையாகி, சாக்கடை வந்து சேரும் கண்மாய்க்குக் காட்ட ஏக்கர் மிச்சமில்லை. நகரத்து ஆழ்துளைக் கிணறுகள் அதன் ஊற்றை நம்பியிருப்பதும், பெருமழை நாளில் தெருக்கள் முழுகாமல் அது தாங்குவதும் எந்தப் பத்தியிலும் ஏறுவதில்லை. பறவை வந்தால் பணம், பயிர் விளைந்தால் பணம். இரண்டுக்கும் நடுவில் விழுந்ததற்கு ஆளில்லை. தேவையைப் பார்த்துப் பணம் போகாமல் பெயர்ப்பலகையைப் பார்த்துப் போவது நியாயமாகாது.

காத்திருப்பதற்குப் பணம் கொடுத்த இடங்களும் உண்டு. ஒடிசாவில் சிலிகா வளர்ச்சி ஆணையம் 1991-இல் அமைந்தது. ஏரிக்குப் புதிய முகத்துவாரம் திறந்தது 2000 செப்டம்பரில். அபாயப் பட்டியலான மாந்த்ரோ பதிவேட்டிலிருந்து 2002-இல் சிலிகா வெளியே வந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் கிசிமி ஆற்றை நேர்க்கோட்டுக் கால்வாயாக வெட்ட 1962 முதல் 1971 வரை ஆனது. பழைய வளைவுகளில் ஒரு பகுதியை மீட்கும் வேலை 1999-இல் தொடங்கி 2021 வரை நீண்டது. இத்தனைக்கும் அது செல்வம் கொழிக்கும் நாடு.

வைப்பாற்றுப் படுகையிலும் ஒரு பெரிய காத்திருப்பு நடக்கிறது. பம்பை, அச்சன்கோவில் ஆறுகளிலிருந்து ஆண்டுக்கு 634 மில்லியன் கனமீட்டர் தண்ணீரை வைப்பாற்றுக்குத் திருப்பும் சாத்தியக்கூற்று அறிக்கையைத் தேசிய நீர் மேம்பாட்டு முகமை 1995-இல் தந்தது. கேரளம் ஒப்பவில்லை, அதன் காடும் குட்டநாட்டு நீர்ச்சமநிலையும் அதற்கு முக்கியம். தேர்தலுக்குத் தேர்தல் அந்தத் திட்டம் மேடையேறுகிறது. வரும் என்று சொல்லும் வெள்ளம் ஒருவேளை வந்தாலும் அது தங்க வேண்டியது இதே கண்மாய்களில், ஓட வேண்டியது இதே தூர்ந்த ஓடைகளில்.

சங்கிலி சங்கிலியாக எடுத்து முழுமையாக முடிப்பதே சரி என்று வைத்துக்கொண்டால், வேறொரு சங்கிலியின் விவசாயி ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும். அவர் கண்மாய் மோசமானதால் அல்ல, வரிசை அப்படி. அந்த வரிசையையும் அதற்கான காரணத்தையும் அவர் ஊராட்சி அலுவலகச் சுவரில் பார்க்க முடிய வேண்டும். ஆட்சி மாறியதும் அது மாறக்கூடாது. காத்திருக்கும் ஆண்டுகளில் மடையை அடைக்கவும் கரை உடைப்பைக் கட்டவும் கைப்பணம் அவர் ஊரில் இருக்க வேண்டும். அதற்கு வழி ஏற்கெனவே கண்மாயிலேயே இருக்கிறது. மீன் பாசி ஏலத்திலும் கரை மரங்களின் ஏலத்திலும் ஆண்டுதோறும் பணம் வருகிறது. அதை நிதியாண்டு முடிவில் காலாவதியாகாத கணக்கில், அந்தக் கண்மாயின் பெயரிலேயே வைத்து, 2000-ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி அமையும் விவசாயிகள் சங்கத்தின் கையில் கொடுப்பதற்கு உலக வங்கி தேவையில்லை. சங்கம் முறைகேடு செய்யும் என்ற அச்சம் நியாயமானது. சமூகத் தணிக்கை வைக்கலாம். அதே அச்சத்தை ஒப்பந்ததாரரின் பில்லுக்கும் வைத்தால் இரண்டும் ஒரே தராசில் நிற்கும்.