போதும்பொண்ணு

மதுரை, தேனி, விருதுநகர் பக்கத்துக் கிராமங்களில் போதும்பொண்ணு என்ற பெயரோடு பெண்கள் இருக்கிறார்கள். திருத்தணிக்கு அருகே நாராயணபுரம் என்ற ஊரில் பெண் குழந்தைகளுக்கு வேண்டாம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அரிய பெயர்கள்தான், நகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள். ஆனால் அவை ரேஷன் கார்டில் இருக்கின்றன, வாக்காளர் பட்டியலில் இருக்கின்றன, நூறு நாள் வேலை அட்டையில் இருக்கின்றன. பிறந்து சில நாட்களே ஆன ஓர் உயிரிடம் ‘நீ வந்திருக்கக் கூடாது’ என்று வீடு சொன்னது. அதை அரசாங்கம் எழுதிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுத்தது. ஏதோ பழைய வழக்கம் என்று இதைத் தாண்டிப் போக உங்களால் முடிகிறதா?

வழக்கத்தின் கதை சுருக்கமானது. இரண்டு, மூன்று பெண்களுக்குப் பிறகு மறுபடியும் பெண் பிறக்கிறது. போதும் என்றோ வேண்டாம் என்றோ பெயர் வைத்துவிட்டால் சாமி புரிந்துகொள்ளும், அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அப்படியே வைக்கிறார்கள். சாமிக்கு ஒரு மனு. அந்த மனுவை எதில் எழுதினார்கள்? காகிதத்திலா, பனையோலையிலா? குழந்தையின் மேல் எழுதினார்கள். சாமி படிக்கிறதோ இல்லையோ, ஊரார் படிக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ‘வேண்டாம்’ என்று கூப்பிட, ஆறு வயதுச் சிறுமி எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்ல வேண்டும். ஒரு நாளல்ல, பள்ளி முடியும் வரை.

‘பலித்திருக்கிறதே! எங்கள் பெரியம்மா வீட்டில் அப்படிப் பெயர் வைத்த பிறகுதானே பையன் பிறந்தான்?’ என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை அவமதிக்காமல் நிதானமாகப் பார்ப்போம். ஏனென்றால் வழக்கம் உயிரோடு இருப்பதே இதனால்தான். மனிதர்களில் இயற்கையாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. முன்னால் எத்தனை பெண்கள் பிறந்திருந்தாலும் அடுத்த பிரசவத்தில் ஆண் பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. குழந்தைக்கு வேண்டாம் என்று பெயர் வைத்தாலும் பாதி, தாமரை என்று வைத்தாலும் பாதி. பலித்த பாதி ஊரெல்லாம் கதையாகச் சுற்றுகிறது. பலிக்காத பாதி என்ன ஆகிறது? அந்த வீட்டில் இன்னொரு பெண் பிறந்து அவளுக்கும் அப்படியொரு பெயர் விழுகிறது. அந்தக் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்? இரண்டில் ஒரு முறை தானாகவே பலிக்கக்கூடிய நம்பிக்கையை அனுபவம் அழிக்காது. எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் அழிக்கும்.

1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, மாவுப்புழுவின் செல்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணுவில் உள்ள குரோமோசோம் தீர்மானிக்கிறது என்று காட்டினார். மனிதர்களிலும் அப்படித்தான். தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ். தந்தையின் விந்தணுவில் எக்ஸும் வரலாம், ஒய்யும் வரலாம். நூறாண்டுக்கு மேலாகிவிட்டது, பள்ளிப் பாடப்புத்தகத்திலும் வந்துவிட்டது. ஆனாலும் நான்காவது பெண் பிறந்தால் பேச்சு வாங்குவது யார்? பெற்றவள். ஆக, அந்தப் பெயர் குழந்தையோடு நிற்கவில்லை, தாயின் மேல் வாசித்த குற்றப்பத்திரிகையாகவும் இருக்கிறது. பெற்ற மகளைச் சாப்பிடக் கூப்பிடும்போதுகூட, தான் செய்யாத குற்றத்தை அவள் தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குப்பம்மாள், பிச்சையம்மாள், குப்புசாமி, பிச்சைமுத்து போன்ற பெயர்களையும் இதோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. அது வேறு. பிறந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போன வீட்டில், இதுவாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்து, எமன் கண்ணுக்கு அற்பமாகத் தெரியட்டும் என்று வைத்த பெயர்கள் அவை. அந்த நம்பிக்கையையும் நான் ஏற்கவில்லை. குழந்தைகளைக் காப்பாற்றியவை தடுப்பூசியும் நல்ல தண்ணீரும்தான். ஆனால் அங்கே இருந்தது இழந்துவிடுவோமோ என்ற நடுக்கம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலவே வைத்தார்கள். வேண்டாம் என்ற பெயரோடு எந்தப் பையனையாவது பார்த்திருக்கிறீர்களா? நான்கு பையன்கள் பிறந்த வீட்டில் ஐந்தாமவனுக்குப் போதும்பையன் என்று யாராவது வைத்தார்களா?

எழுத்தறியாத கிராமத்தார் செய்தது என்று சொல்லி நகரத்துக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. கச்சேரியின் முடிவில் மங்களம் பாடுவது போல இதோடு பிள்ளைப்பேறு முடியட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு மங்களம் என்று பெயர் வைத்த படித்த குடும்பங்கள் உண்டு. சொல் இனிமையானது, எண்ணம் எவ்வளவு வேறுபட்டது? 2018 ஜனவரியில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த பொருளாதார ஆய்வறிக்கை, ஆண் குழந்தை பிறக்கும் வரை பெற்றுக்கொண்டே போகும் பழக்கத்தால் பிறந்த ‘வேண்டாத பெண்கள்’ நாட்டில் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேருக்கு அப்படிப் பெயர் இருக்கும்? சொற்பம். மற்றவர்கள் நல்ல பெயர்களோடுதான் வளர்கிறார்கள். தம்பிக்கு முட்டை, இவளுக்கு வெறும் குழம்பு. தம்பிக்குக் கட்டணப் பள்ளி, இவளுக்குப் பத்தாவதோடு நிறுத்தம். போதும்பொண்ணு என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டுகளைப் பார்த்துவிட்டுச் சுளிக்கட்டும்.

இன்று இந்தப் பெயர்கள் அருகிவிட்டன. அதற்காக மகிழலாமா? அவசரப்பட வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8. நான்காவது குழந்தையே பிறக்காத வீட்டில் நான்காவது பெண்ணின் பெயருக்கு இடம் ஏது? பெயர் போனதற்குக் குடும்பம் சுருங்கியது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொடியது. உசிலம்பட்டிப் பக்கத்தில் கள்ளிப்பால் கொடுத்துப் பெண் சிசுக்களைக் கொன்ற செய்தி 1980-களில் நாட்டை உலுக்கியது. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. அதற்குள் ஸ்கேன் கருவி ஊர் ஊராக வந்துவிட்டது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதற்குப் பிறகும் என்ன நடந்தது? இந்தியாவில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 1991-இல் 945 பெண் குழந்தைகள் இருந்தார்கள். 2001-இல் 927. 2011-இல் 918. இந்த இருபது ஆண்டுகளில்தான் படிப்பு ஏறியது, வருமானம் ஏறியது. வேண்டாம் என்று பெயர் வைப்பதற்காவது அவள் பிறக்க வேண்டியிருந்தது. ஸ்கேன் அறையில் அந்த வாய்ப்பும் பறிபோனது. ஆகவே, பெயர் மறைந்ததைக் காட்டி மனம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் ஆதாரம் கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தில் இதே பொருளில் நகுஷா என்று பெயர் வைப்பார்கள். 2011 அக்டோபரில் சாத்தாரா மாவட்டத்தில் அப்படிப் பெயர் பெற்ற 285 பெண்களுக்கு விழா எடுத்துப் புதிய பெயர் சூட்டி, சான்றிதழ் கொடுத்தார்கள். நல்ல காரியம், ஒரு சிறுமி தனக்குப் பிடித்த பெயரைச் சொல்லி அதைத் தன் பெயராக்கிக்கொள்வது பெரிய விஷயம். ஆனாலும் அந்த விழா எனக்குப் போதவில்லை. மேடை ஏறிப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் குழந்தைகள். அந்தப் பெயரை வைத்த தாத்தாவும் மாமனும் எதை மாற்றிக்கொண்டார்கள்?

எங்கும் இப்படித்தான், மாறாது என்று சோர்ந்துபோகத் தேவையில்லை. தென் கொரியாவிலும் கடைசி என்று பொருள்படும் மல்ஜா போன்ற பெயர்களைப் பெண்களுக்கு வைத்து அடுத்த மகனுக்குக் காத்திருந்தார்கள். 1990-இல் அங்கே 100 பெண் குழந்தைகளுக்கு 116 ஆண் குழந்தைகள் பிறந்தன. இன்று அந்த எண் இயல்பான அளவுக்குத் திரும்பிவிட்டது. பெண்கள் படித்தார்கள், சம்பாதித்தார்கள், பெற்றோரைத் தாங்கினார்கள். ஆண்தான் குடும்பத் தலைவன் என்று எழுதிவைத்த ஹோஜு முறையை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2005-இல் அங்குள்ள அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஏற்க முடியாது என்றது. 2008-இல் அது ஒழிந்தது. இதில் எந்தச் சாமிக்கும் மனு போகவில்லை.

நம்மூரில் ஆண் பிள்ளை எதற்கு? கொள்ளி வைக்க, புத் என்ற நரகத்தில் விழாமல் காப்பாற்ற, வயதான காலத்தில் சோறு போட, சொத்தை வைத்துக்கொள்ள. முதல் இரண்டும் செத்த பிறகு நடப்பதைப் பற்றிய கற்பனை. அதை நம்பி, உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையைச் சிறுமைப்படுத்த யாருக்கு உரிமை இருக்கிறது? பெண்கள் மயானத்துக்குப் போய்க் கொள்ளி வைத்த ஊர்களில் எந்த வானமும் இடிந்து விழவில்லை. மூன்றாவதற்கு உங்கள் தெருவையே பாருங்கள். படுக்கையில் விழுந்த தாய்க்கு மலம் அள்ளிப் போடுகிறவர்கள் எந்த வீட்டில் மகன்கள், எந்த வீட்டில் மகள்கள்?

நான்காவதுதான் வேர். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் ஆணைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. தமிழ்நாடு சட்டமாக்க 1989 ஆயிற்று. மத்தியச் சட்டம் 2005-இல் வந்தது. தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் என்ன நடக்கிறது? அக்கா தங்கைகள் வரிசையாக நின்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். ‘உனக்குத்தான் நகை போட்டாயிற்றே’ என்கிறான் அண்ணன். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயத்தில் அவள் கையெழுத்துப் போடுகிறாள். அன்றைக்கு அவளுடைய பெயர் என்னவாக இருந்தாலும் அவள் போதும்பொண்ணுதான்.

‘பாசமாகத்தான் வளர்த்தோம், பெயரில் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. கூலி வேலை செய்து, கடன் வாங்கி, அந்தப் பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். பெயரில் ஒன்றும் இல்லை என்றால் முதல் பெண்ணுக்கு ஏன் நல்ல பெயராகத் தேடினீர்கள்?

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயர் இல்லாமலே குழந்தையின் பிறப்பைப் பதிவு செய்யலாம். 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதாவது, பதிவேட்டின் முன் உட்கார்ந்திருப்பவர் ‘கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள்’ என்று சொல்ல வழி இருந்தது. பள்ளியில் சேர்க்கும் நாளில் தலைமையாசிரியர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெயர் சூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சர்க்கரை வாங்கித் தின்ற இருபது பேரில் ஒருவர் எழுந்திருக்கலாம். யாரும் எழவில்லை.

வளர்ந்த பெண் அரசிதழில் அறிவித்துத் தன் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மாற்றிக்கொள்ளாமல் அதே பெயரோடு தலைநிமிர்ந்து வாழ்கிறவர்களும் உண்டு. அது முழுக்க அவர்கள் முடிவு, நாம் புத்தி சொல்ல அதில் இடமில்லை. நமக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. உங்கள் சொந்தத்தில் ஏதோ ஒரு வீட்டில் சீக்கிரம் சொத்தைப் பிரிப்பார்கள். பெண்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய பத்திரம் தயாராக இருக்கும். சாட்சிக் கையெழுத்துப் போட உங்களைக் கூப்பிடுவார்கள். போவீர்களா?