நாற்காலிக்குத் தீட்டு இல்லை

தீட்டு எதில் ஒட்டும், எதில் ஒட்டாது? சாஸ்திரம் படித்தவர்களிடம் இதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. மரவாடியில் கேட்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கட்டில் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். வாகை மரத்தை வெட்டிச் சாய்க்கிறவன், கிளை கழிக்கிறவன், தோள் கொடுத்து லாரியில் ஏற்றுகிறவன் எல்லாம் பெரும்பாலும் சேரி ஆள், இல்லாவிட்டால் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த மலையாளிப் பழங்குடி. அதற்குப் பிறகுதான் ஆசாரியின் இழைப்புளியும் உளியும். கட்டில் முடிந்து வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க மறுபடியும் சேரி ஆள்.

எங்கப்பா இருபது வருஷத்துக்கு மேல் மரம் ஏற்றி இறக்கியவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு காய்ப்பு இருக்கும். "தலைமாட்டுப் பக்கம் நான் புடிச்சிருப்பேன். வாசப்படி வந்ததும் 'அங்கயே வைடா'ன்னு சத்தம் வரும். அதுக்கப்புறம் அவங்க ஆளுங்க உள்ள தூக்கிட்டுப் போவாங்க" என்பார். ஒரு தடவை கட்டில் ரொம்பக் கனம். வீட்டு ஆட்களால் அசைக்க முடியவில்லை. உள் அறை வரைக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். "அன்னிக்கு மட்டும் தீட்டு எங்கப்பா போச்சு?" என்று கேட்டேன். "கனத்துக்குப் பயந்து ஓடிப்போச்சுடா" என்றார்.

எந்தத் தத்துவ நூலிலும் இவ்வளவு சுருக்கமாக எனக்கு விடை கிடைத்ததில்லை. தொட்டால் தீட்டு என்பது நிஜமான நம்பிக்கையாக இருந்தால், அப்பாவின் வேர்வை ஊறிய அந்தக் கட்டிலில் அவர்கள் எப்படிப் படுத்துத் தூங்கினார்கள்? நாற்று நட்ட கை, கதிர் அறுத்த கை, களத்தில் தூற்றிய கை எல்லாம் பட்ட நெல்தானே சாமிக்குப் படையலாகிறது? பொருளை உள்ளே விட்டு, ஆளை வெளியே நிறுத்துகிற ஏற்பாட்டுக்குப் பெயர்தான் தீட்டு. தொழிற்சாலையில் கூலி வந்துதான் உழைத்தவனையும் அவன் செய்த பொருளையும் பிரிக்கிறது என்று மார்க்சியத் தோழர்கள் சொல்வார்கள். இங்கே கூலி வருவதற்கு முன்பே வாசப்படி பிரித்துவிடுகிறது. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதினார். அதை வயலோடும் மலக்குழியோடும் நிறுத்திக்கொள்கிறோம். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நீட்டிப் பார்ப்பதில்லை.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் கில்பர்ன் என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ராபர்ட் தாம்சன் (1876-1955) என்கிற தச்சர் ஓக் மரத்தில் மேசை, நாற்காலி, சர்ச்சுக்கான பலகைகள் செய்தார். சர்ச் எலியைப் போல ஏழை என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அதைப் பேசிக்கொண்டே வேலை செய்த ஒருநாள், மரத்தில் ஒரு எலியைச் செதுக்கிவிட்டார். பிறகு அதுவே அவருடைய முத்திரையானது. இன்றைக்கும் அவர் குடும்பத்து வாரிசுகள் அதே கிராமத்தில் பட்டறை நடத்துகிறார்கள். எலி பெரிய தேவாலயங்களுக்குள் எல்லாம் போயிருக்கிறது. எலியைச் செதுக்கியவரை யாரும் வாசப்படியில் நிறுத்தவில்லை.

இதைச் சொல்வதால் வெள்ளைக்காரனை நான் புகழுவதாக நினைக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதே இங்கிலாந்தின் பணக்கார வீடுகளை நிரப்பிய மகாகனி மேசைகளுக்கு ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் கரையிலும் மரம் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். அவர்கள் பெயருக்கு எந்த எலியும் இல்லை.

2021ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான். ஊர்ப் பெயருக்கு மரியாதை வந்திருக்கிறது. ஆசாரியும் உழைப்பாளிதானே, அவரையும் நம்மோடு சேர்த்துக்கொள்ள வேண்டாமா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். சேர்ப்பதில் எனக்குத் தடையில்லை. ஆனால் பூணூல் போட்டு விஸ்வகர்மாவாக நிற்கிற கைக்கும், மரத்தைச் சுமந்த தோளுக்கும் நடுவில் ஒரு படி இருக்கிறதே, அந்தப் படியை யார் இறங்குவது? மலைக்காரனின் நிலை இன்னும் கீழே. 1976 வரை கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் கிடந்தது. வெட்டி வேலை செய்த சனத்துக்குத் தாங்கள் பிறந்த காடே சொந்தமில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திர போலீஸ் 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலை, சித்தேரி மலைப் பக்கத்து ஆட்கள்; பலர் பழங்குடிகள். சீனாவில் அந்தச் செம்மரத்தில் செய்த நாற்காலி ஒருகாலத்தில் அரசர்களுக்கு உரியது, இப்போது கோடீஸ்வரர்களுக்கு உரியது. வெட்டினவனுக்குக் குண்டு, உட்காருகிறவனுக்குக் கௌரவம்.

உட்காருவதற்கு வருவோம். செய்தவனை வெளியே நிறுத்திய நாற்காலி, அவன் சாதிக்காரன் அதில் உட்கார வரும்போது என்ன செய்கிறது? மேலவளவில் தலைவர் நாற்காலிக்கு வந்த குற்றத்துக்காக முருகேசனும் இன்னும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் ஊராட்சித் தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படத்தை நாடே பார்த்தது. எங்கள் மாவட்டத்தில் எடுத்தவாய்நத்தம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்தது 2023 ஜனவரி 2 அன்றுதான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

இப்போது பிளாஸ்டிக் நாற்காலி வந்துவிட்டது. அச்சில் ஊற்றி எடுப்பது. வெட்டினவன் இல்லை, சுமந்தவன் இல்லை, இழைத்தவன் இல்லை. கை படாத அந்த நாற்காலியிலும் எங்க சனம் உட்கார்ந்தால் 'எழுந்திரு' என்கிற ஊர்கள் இருக்கின்றன. அப்பா இருந்தால் அவரிடம் இதையும் கேட்டிருப்பேன். பிளாஸ்டிக்கில் கனமும் இல்லையே, எதற்குப் பயந்து இது ஓடும்?