காரணம் கேட்ட கோடை

தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-ஆம் தேதி. அம்பாசமுத்திரத்துக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆழ்வார்குறிச்சியும் கடையமும் அந்தப் பக்கம் போய்விட்டன, நாம் திருநெல்வேலியிலேயே இருக்கிறோம், அவ்வளவுதான். கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க அலைகிறவர்களுக்குத்தான் அது சேதி. மற்றவர்களுக்கு அதே தென்காசி பஸ், அதே செங்கோட்டை ரயில், அதே சம்பந்தி வீடு.

நான்கு மாதம் கழித்து, 2020 மார்ச் 25-ல் நாடு முழுக்க ஊரடங்கு வந்தபோது, வரைபடத்தில் இருந்த அந்தக் கோடு தரையில் இறங்கியது. தடுப்புக் கட்டை, துணிப் பந்தல், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுக் கொண்டு கேள்வி கேட்கும் காவலர். சைக்கிளில் போய்வந்த தூரத்தில் இருக்கும் அக்கா வீடு வேறு மாவட்டமாகிவிட்டது. வேறு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும்.

அந்தப் படிவத்தை நிரப்பியவர்களுக்கு நினைவிருக்கும். பெயர், ஆதார், வண்டி நம்பர், எங்கிருந்து எங்கே, எதற்காக. ஆரம்ப மாதங்களில் அந்த 'எதற்காக'வுக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட பதில்கள் மூன்றுதான். கல்யாணம், நெருங்கிய உறவில் சாவு, அவசர வைத்தியம். எங்கள் பேச்சில் கல்யாணம், துட்டி, ஆஸ்பத்திரி. ஜூன் 1 முதல் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி நான்கையும் ஒரே மண்டலமாக்கி, அதற்குள் பாஸ் வேண்டாம் என்றார்கள். சில வாரங்களில் அந்தச் சலுகையும் போயிற்று. மாநிலத்துக்குள் பாஸே தேவையில்லை என்று ஆனது செப்டம்பர் 1-ல்தான்.

அரசைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. நோய் மனிதனின் காலில் ஏறித்தான் ஊர் விட்டு ஊர் வருகிறது. அம்மை போட்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகிவைத்தால் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் படியேற மாட்டார். அந்த ஒழுங்கு நமக்குப் புதிதில்லை. யோசிக்க வைப்பது அந்தப் பட்டியல்தான். ஒரு மனிதன் இன்னொரு மனிதனைத் தேடிப் போகத் தக்க காரணங்கள் மொத்தமே மூன்று என்று ஒரு படிவம் நம்மிடம் சொன்னது. நாமும் தலையாட்டினோம்.

அம்பாசமுத்திரத்துக்காரர்களின் கோடைப் பயணங்கள் எவை? சித்திரை விஷுவுக்குப் பாபநாசம். லீவு விட்ட மறுநாளே பிள்ளைகள் ஆச்சி வீட்டுக்கு. வைகாசியில் யாரோ ஒருவருடைய குலசாமி கோயில் கொடை. சாரல் விழுந்தால் குற்றாலம். இவற்றுக்கு நடுவே கணக்கில் வராதவை ஏராளம். மாம்பழம் வந்திருக்கிறது, இரண்டு கொடுத்துவிட்டு வருவோம். பெரியப்பாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. இந்தப் பக்கம் வந்தேன், தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று. எந்த அதிகாரியிடம் இதைக் காரணமாகச் சொல்ல முடியும்?

அதே கோடையில் அமெரிக்காவில் விமானத்துக்குப் பயந்தவர்கள், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே வைத்த வண்டிகளில் குடும்பத்தோடு கிளம்பினார்கள். ஆள் நடமாட்டம் இல்லாத காடும் மலையும் தேடிப் போவதே அங்கே பயணமாகிவிட்டது. நமக்கு அது பிடிபடாத விஷயம். இங்கே ஒரு பயணம் என்றால் அந்தப் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். காபி போட்டுக் கொடுக்க, 'ஏன் இப்படி மெலிஞ்சு போயிட்ட' என்று பொய்யாகவாவது கேட்க.

அந்தக் கோடையில் இந்தப் பக்கம் நடந்த ஒரே பெரிய சாலைப் பயணம் மும்பையிலிருந்து வந்தவர்களுடையது. தாராவியில் தோல் பதனிட நெல்லைச் சீமையிலிருந்து ஆட்கள் போகத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேலாகிறது. தாராவியில் முதல் தொற்று ஏப்ரல் 1-ல் தெரியவந்தது. மே மாதம் பஸ்ஸும் வேனும் வாடகைக்குப் பிடித்துக் கிளம்பினார்கள். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூரு, சேலம், மதுரை என்று 1,500 கிலோமீட்டருக்கு மேல். சாப்பாட்டுக் கடை இல்லை, டீக்கடை இல்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள் உண்டு. கங்கைகொண்டான் சோதனைச் சாவடியில் நிறுத்தி, மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்து, முடிவு வரும்வரை கல்லூரிக் கட்டடங்களில் தங்கவைத்தார்கள். வந்தவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது. மாவட்டத்தின் கணக்கு அந்த மாதம்தான் ஏறியது.

முந்தின வருடமும் இதே மே மாதத்தில், இதே சாலையில், இதே ஆட்கள் வந்தார்கள். அப்போது கொடைக்கு வந்தார்கள். பேரப்பிள்ளை இந்தி பேசுவதைக் கேட்டு ஊரே சிரித்தது. இப்போது 'பம்பாய்க்காரங்க வந்திருக்காங்களாம்' என்றால் தெரு கதவைச் சாத்தியது. பயம் நியாயமானதுதான். ஆனாலும் ஊருக்கு வந்தவர் ஊர் வந்து சேர்ந்தாரா என்பதைக் கிலோமீட்டர் கல் தீர்மானிப்பதில்லை, திண்ணையில் இருப்பவர் நகர்ந்து இடம் விடுவதுதான் தீர்மானிக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அதே 2020 மே 24-ஆம் தேதி சிங்கம்பட்டி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி காலமானார். முடிசூட்டப்பட்ட கடைசி ராஜா என்று சொல்லப்பட்டவர். காரையாறு சொரிமுத்தய்யனார் கோயில் ஆடி அமாவாசையில் ராஜ உடையில் அவர் காட்சி தருவதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். இரண்டு மாதத்தில், ஜூலை 20-ல், ஆடி அமாவாசை வந்தது. ராஜாவும் இல்லை, பக்தர்களுக்கு அனுமதியும் இல்லை. அதற்கு முந்தின வருடங்களில் தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கமிருந்தெல்லாம் பாய், பானை, கிடா, கூடாரக் கம்பு சகிதம் வேன்கள் வனத்துறைச் சோதனைச் சாவடி முன் வரிசை கட்டும். ஆற்றங்கரையில் நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்குவார்கள்.

அந்தக் கோயிலில் பட்டவராயன் சாமிக்குச் செருப்பு காணிக்கை. தோல் செருப்பைப் புதிதாகத் தைத்துக் கொண்டுவந்து கட்டுவார்கள். ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காடு சுற்றுகிறார், அதனால் அடுத்த வருடம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. அந்த வருடம் பாஸ் எடுக்காமல் மாவட்டம் முழுக்க நடந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த கோடை, 2021 மே. இரண்டாவது அலை. இப்போது பாஸ் இல்லை, இ-பதிவு. திருமணம் என்று பதிந்துவிட்டுப் பயணம் போகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று அந்தக் காரணத்தையே பட்டியலிலிருந்து தூக்கினார்கள். பிறகு நிபந்தனைகளோடு சேர்த்தார்கள். பொறுப்பில்லாத ஜனங்கள் என்று செய்தி படித்தவர்கள் திட்டினார்கள். நானும் திட்டியிருப்பேன். ஆனால் இல்லாத கல்யாணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஊர் சுற்றப் போனவர்களா? அம்மாவைப் பார்க்க வேண்டும் என்பதற்குப் படிவத்தில் இடம் இல்லை, கல்யாணத்துக்கு இருந்தது. ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தலைக் கற்பனை செய்தாக வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால், கல்யாணத்துக்குப் போகிறவர் முறைக்காகப் போகிறார். மொய் எழுதி, பந்தியில் உட்கார்ந்து, பெண்ணின் அப்பாவிடம் நாலு வார்த்தை பேசக் கிடைக்காமல் திரும்புகிறார். துட்டிக்குப் போனாலோ, யாரைப் பார்க்கப் போனோமோ அவர் நம்மைப் பார்க்கப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் பழத்தை வைத்துவிட்டு நர்ஸ் விரட்டும்வரை நிற்கிறோம். அந்த மூன்றும் நம்மைப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்துபவை. உறவு என்று நாம் சொல்வதோ, யாரும் கட்டாயப்படுத்தாத நாளில் போய்ப் பேசிவிட்டு வந்ததில் உருவானது. அவசியமில்லாத பயணம் என்று அந்தக் கோடை தள்ளிவைத்தது அதைத்தான்.

பாஸ் போய் வருடங்களாகின்றன. ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் முட்டிக்கொள்கின்றன, குற்றாலத்தில் சீசனுக்குக் கால் வைக்க இடமில்லை. உறவினர் வீட்டுக்கு மட்டும் இன்னும் அந்த மூன்று காரணங்களோடுதான் போகிறோம். மீதியைக் கைபேசி பார்த்துக்கொள்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் போவது நாகரிகக் குறைவு என்றும் ஆகிவிட்டது.

போன மாதம் ஒரு மத்தியானம் வீரவநல்லூரில் சித்தி வீட்டுக்குப் போனேன். தார்சாவில் புளி ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்த மாத்திரத்தில் முகம் மாறிவிட்டது.

"என்னல, யாருக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சித்தி."

"பத்திரிகை வைக்க வந்தியா?"

"இல்ல சித்தி. சும்மாதான். பாத்துட்டுப் போலாம்னு."

நம்பவில்லை. காபி கலக்கிக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனவர், அங்கிருந்தே என் மனைவிக்குப் போன் போட்டு, தணிந்த குரலில் கேட்டது தார்சா வரைக்கும் கேட்டது: "ஏட்டி, உண்மையச் சொல்லு. வீட்ல ரெண்டு பேருக்கும் சண்டையா?"