சுழலும் வரை அதே சக்கரம்

ஸ்வீடனின் மேற்குக் கரையில், வார்பெர்க் அருகே கிரிமெட்டனில், 1922 முதல் 1924 வரை கட்டிய வானொலித் தந்தி நிலையம் இருக்கிறது. அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் பக்கம் தந்தி அனுப்பக் கட்டியது. எர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் வகுத்த ஆல்டர்னேட்டர் (மாறுமின்னோட்ட மின்னாக்கி) அங்கே இன்னும் ஓடுகிறது. அதன் எஃகுச் சக்கரத்தின் விளிம்பில் 488 காடிகள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,115 சுற்று. இரண்டையும் பெருக்கி 60ஆல் வகுத்தால் சுமார் 17,200 ஹெர்ட்ஸ். அலைவெண் அதுதான், மாயம் ஒன்றுமில்லை. இதன் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினால் மிஞ்சுவது பழைய இயந்திரம்தானா? நம் மரபு இதைத் தேரை வைத்துக் கேட்டிருக்கிறது. பாகங்களுக்கு அப்பால் தேர் என்று ஒன்றில்லை, பெயர்தான் உண்டு என்றது பௌத்தம். முழுமை தனிப்பொருள் என்று சொல்லி அதை மறுத்தது நியாய தரிசனம். ஆனால் ஓர் உறுப்பு மாறினாலே பழைய முழுமை அழிந்து புதியது பிறக்கும் என்றும் சொல்லிவிட்டது. ஆக, எந்தப் பக்கம் போனாலும் பழைய இயந்திரம் மிஞ்சுவதில்லை. உலோகத்துக்குள்ளேயே தேடியதால் வந்த முட்டு இது. இயந்திரத்தின் தொடர்ச்சி அது செய்யும் வேலையில் இருக்கிறது என்பேன்.

அப்படியானால் அதே 17.2 கிலோஹெர்ட்ஸை டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்று அனுப்பினால் அதுவும் கிரிமெட்டன்தானே என்று மடக்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அலை என்பது விளைவு, வேலை அதுவல்ல. தந்திச் சாவியை அழுத்தியதும் பளு ஏறி, சக்கரத்தின் வேகம் தளரப் பார்க்கும். வேகம் தளர்ந்தால் அலைவெண்ணும் நழுவும். நழுவாமல் பிடித்துநிறுத்துவதுதான் இந்த இயந்திரத்தின் வேலை, அதை ஓட்டுகிறவரின் வேலையும். பெட்டிக்கு அந்தப் போராட்டமே கிடையாது.

ஓட்டினால் தேயுமே என்பது பாதுகாப்பாளர்களின் முறையீடு. தேயும். அபிஷேகத்தில் செப்புத்திருமேனியின் முகமும்தான் மழுங்குகிறது. அருங்காட்சியகத்துக் கண்ணாடிக்குள் இருப்பது மழுங்குவதில்லை, அதற்கு நீராட்டும் இல்லை. எது நன்றாகக் காக்கப்பட்டது என்று இரண்டு பேரைக் கேட்டால் இரண்டு பதில் வரும். கிரிமெட்டனில் ஜூலைத் தொடக்கத்தை ஒட்டி ஒரு நாள், வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காலை, என்று ஆண்டில் சில முறைதான் சக்கரம் சுழல்கிறது. தேய்மானத்துக்கும் மறதிக்கும் நடுவே செய்துகொண்ட நியாயமான பேரம். நிறுத்திவைத்த இயந்திரத்தில் எண்ணெய் பிசினாகும், தாங்கி துருப்பிடிக்கும். அதற்கு முன்பே ஓட்டும் முறை மறந்துபோகும். தாங்கியைப் புதிதாகக் கடைந்து போடலாம், மறந்த முறையை அப்படிக் கடைய முடியாது. 2004இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது நிலையத்தை, 127 மீட்டர் உயரமுள்ள ஆறு கோபுரங்களோடு. சாவியை அழுத்தும்போது வேகம் தளராமல் பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.